போர் காயப்படுத்திய குடும்பங்களுக்கு உளவளத்துணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போரையும், 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையையும் கடந்து வந்த குடும்பங்கள் உளவளத்துணை (மனநல ஆலோசனை) பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே தன்மையானவை. தாய்மாரும் கணவன்மாரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. இதை வாசிப்பது சிகிச்சைக்கு ஈடாகாது. போவதா வேண்டாமா என்று தயங்கி நிற்பவர்களுக்காகவே இது எழுதப்பட்டது.

போர் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் உளவளத்துணை எதற்கு?

எல்லோருக்கும் அது தேவையில்லை என்பதையே முதலில் சொல்ல வேண்டும். பேரழிவைக் கடந்தவர்களில் மிகப் பலர் உறவினரின் அரவணைப்பாலும் தொழிலாலும் வழிபாட்டாலும் காலத்தாலும் தாமாகவே தேறிவிடுகின்றனர். வன்னியிலிருந்து உயிர் தப்பி வந்த ஒவ்வொருவரையும் நோயாளியாகப் பார்ப்பது அவர்களின் மனவுரத்தை மதியாத செயலாகும். ஆனால் தேறாதவர்களும் இருக்கின்றனர். அவர்கள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமல் இருக்கின்றனர். வானில் உலங்குவானூர்தி பறந்தால் இன்றும் கைகால் நடுங்குகிறது. கோயில் திருவிழாவின் வெடிச் சத்தத்தில் உடல் தானாகவே தரையில் குனிகிறது. மே மாதம் நெருங்கும்போது உறக்கம் கெடுகிறது. எத்தனை பரிசோதனை செய்தும் காரணம் தெரியாத தலையிடியும் நெஞ்சு இறுக்கமும் உடம்பு உளைவும் தொடர்கின்றன. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்பவர்களில் பலருக்கு வேண்டியது இன்னொரு குளிசை அன்று.

மேலும், போர் முடிந்த நாளோடு இழப்புகள் முடியவில்லை. போரால் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. மீள்குடியேறியவர்களை எதிர்கொண்டவை இடிந்த வீடும், விடுவிக்கப்படாத காணியும், பிறகு வந்து சேர்ந்த நுண்கடனுமே. பழைய புண்ணின் மேல் புதிய நெருக்கீடு ஏறும்போது, அதுவரை தாங்கி நின்றவரும் தளர்ந்துவிடுவதுண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. நீண்ட காலம் தொடர்ந்த கொடுமைகளால் உண்டாகும் சிக்கலான மனவடு நோயையும் (மனவடு என்பது கொடிய அனுபவம் மனத்தில் விட்டுச்செல்லும் காயம்), நீடித்த துயர நோயையும் அது தனித்தனியாக ஏற்றுக்கொண்டுள்ளது. இழப்புக்குப் பின் ஆறு மாதங்களுக்கு மேலாக, அந்தச் சமூகத்தில் இயல்பெனக் கொள்ளப்படும் அளவையும் தாண்டி, அன்றாட வாழ்வையே முடக்கும் துயரத்தைத்தான் அது நோய் என்கிறது. இறந்த மகனின் படத்தின் முன் பத்து ஆண்டுகளாக விளக்கேற்றி அழும் தாய் ஆகவே நோயாளி அல்லர். விளக்கேற்றவும் எழ முடியாமல், எஞ்சிய பிள்ளைக்குச் சோறு போடவும் மனமின்றிக் கிடக்கும் தாய்க்கே உதவி தேவைப்படுகிறது.

பாதிக்கப்பட்டவர் ஒருவர்தானே? குடும்பம் முழுவதையும் ஏன் அழைக்கிறார்கள்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் ஒருங்கே காயப்படுத்துகிறது என்பதை வட இலங்கை பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கி, அதைக் கூட்டு மனவடு என எடுத்துக்காட்டினார். நம் வீடுகளில் ஒருவரின் சுகமும் துக்கமும் மற்றவர்களோடு பின்னிக்கிடப்பதால், ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்து அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது பாதி வேலையாகவே முடியும்.

தந்தை செல்வீச்சில் இறந்த ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தாய் உழைக்கப் போக வேண்டியிருப்பதால் மூத்த மகள் பதின்மூன்று வயதிலேயே சமையலையும் தம்பி தங்கையரையும் பொறுப்பேற்கிறாள். மகளுக்கு முன்னால் அழுதால் அவள் உடைந்துவிடுவாள் என்று தாய் அழுவதில்லை. தாய்க்கு நினைவூட்டக் கூடாது என்று மகள் அப்பாவின் பெயரையே எடுப்பதில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் வீட்டில் ஏதோ நேரும் என்று சின்னவன் தானாகவே கற்றுக்கொள்கிறான். ஒருவர் மீது ஒருவருக்குள்ள அன்பே அந்த வீட்டில் எல்லோரையும் தனிமைப்படுத்திவிடுகிறது. ஒருவரை மட்டும் தனியறையில் அமர்த்திப் பேசினால் இந்த மௌனம் கண்ணுக்கே தெரியாது. குடும்பத்தை அழைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் ஆய்வுகளில் இருந்து கிடைக்கிறது. கிளவுடியா கற்றானியும் அவருடைய குழுவினரும் வடகிழக்கின் தமிழ்ப் பாடசாலை மாணவர்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளின் மனநலத்தைப் போரும் ஆழிப்பேரலையும் மட்டுமல்லாமல் வீட்டுக்குள் நிகழும் வன்முறையும் பாதித்திருந்தது தெரியவந்தது. அந்த வன்முறையோடு தந்தையின் மதுப்பழக்கமும், போரில் அனுபவித்த கொடுமைகளும் தொடர்புபட்டிருந்தன. நடந்து முடிந்த போரை யாராலும் மாற்ற முடியாது. இன்றைய வீட்டை மாற்ற முடியும். உளவளத்துணையின் மிகப் பெரிய பயன் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது எமது உறுதியான கருத்து.

உளவளத்துணை என்றால் புத்திமதி சொல்வதா?

இல்லை. புத்திமதி சொல்ல ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. ‘நடந்ததை மறந்துவிடு’, ‘பிள்ளைகளுக்காகவாவது இரு’, ‘உன்னைவிடக் கூட இழந்தவர்கள் இருக்கிறார்கள்’ என்று எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கின்றனர். கேட்பவருக்கோ தன் துயரத்தைச் சொல்ல இனி இடமில்லை என்பதே அதன் பொருளாகப் படுகிறது. உளவளத்துணையாளர் முதலில் கேட்கிறார். உறக்கம், பசி, உடல் நோவு, பிள்ளைகளின் பள்ளி வரவு, கடன், வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சு இருக்கிறது என்பவற்றையெல்லாம் பொறுமையாக அறிந்த பிறகு, எது முதலில் இலகுவாக வேண்டும் என்பதைக் குடும்பத்தோடு சேர்ந்து முடிவு செய்கிறார்.

பல வீடுகளில் முதல் சில சந்திப்புகள் உறக்கத்தைப் பற்றியவையாகவே இருக்கும். மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், சைவர்களுக்கு மந்திர உச்சாடனம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என அவரவருக்குப் பழக்கமான வழியில் உடலைத் தளர்த்தும் முறைகளை வடக்கின் உளமருத்துவர்கள் நீண்ட காலமாகவே கற்பித்து வருகின்றனர். உடல் சற்று ஆறிய பின்னரே மனம் பேச இசைகிறது.

நடந்தவை எல்லாவற்றையும் மீண்டும் சொல்லியாக வேண்டுமா?

இக்கேள்வியைக் கேட்பவர்களின் குரலிலேயே அச்சம் தெரியும். அதற்குக் காரணமும் இருக்கிறது. முகாமில் பதிவுக்காக ஒரு தடவை, விசாரணைக்காக ஒரு தடவை, உதவி நிறுவனத்தின் படிவத்துக்காக ஒரு தடவை, ஆணைக்குழுவின் முன் ஒரு தடவை என்று தம் வாழ்வின் மிகக் கொடிய நாளை அந்நியர்களிடம் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் இவர்கள். எனவே பதிலைத் தெளிவாகவே சொல்கிறோம்: சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லும்படி நெருக்குபவர் தம் வேலையைச் சரிவர அறியாதவர்.

பேரிடர் நிகழ்ந்த உடனேயே ஆட்களை அமர்த்தி, ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கச் செய்யும் முறை ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. அது மனவடு நோயைத் தடுப்பதில்லை என்று தெரிந்ததால், உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. உடனடி வேளையில் அது முன்வைப்பது உளவியல் முதலுதவியையே: என்ன தேவை என்று பார்ப்பது, சொல்ல விரும்பினால் கேட்பது, உறவினரோடும் உதவிகளோடும் இணைத்துவிடுவது.

பின்னர் வரும் சிகிச்சைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்க உளமருத்துவர் யூடித் ஹேர்மன் 1992இல் வகுத்துச் சொன்ன மூன்று படிகள் இன்றும் பலருக்கு வழிகாட்டியாக உள்ளன. முதலில் பாதுகாப்பு, அதன் பின்னர் நினைவுகூர்ந்து துக்கித்தல், அதற்கும் பின்னர் வாழ்வோடும் மனிதரோடும் மீண்டும் இணைதல். கணவரின் அடிக்கு அஞ்சிக்கொண்டிருக்கும் பெண்ணிடமோ, நாளைய சோற்றுக்கு வழியில்லாதவரிடமோ பதினைந்து ஆண்டுக்கு முந்திய நினைவுகளைத் தோண்டுவது இந்த ஒழுங்கைக் குலைப்பதாகும்.

அதேவேளை, நினைவுகளை ஒருபோதும் தொடவே கூடாது என்பதும் சரியன்று. துண்டு துண்டாக, இரவில் கனவாகவும் பகலில் திடுக்கிடலாகவும் வந்துகொண்டிருக்கும் நினைவை, நம்பிக்கைக்குரிய ஒருவரின் முன்னிலையில், தொடக்கமும் முடிவும் உள்ள கதையாகக் கோத்துச் சொல்ல முடிந்தால் அதன் வேகம் தணிகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கின் ஒரு முகாமில் 31 பிள்ளைகளுக்கு இரு வகைச் சிகிச்சைகள் அளிக்கப்பட்டன. ஒரு பகுதியினர் ஆறு அமர்வுகளில் தம் வாழ்க்கைக் கதையைச் சொன்னார்கள். மற்றவர்கள் அதே எண்ணிக்கையான அமர்வுகளில் தியானமும் உடல் தளர்த்தலும் பழகினார்கள். சிகிச்சை அளித்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே. இரு பகுதியினரிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினர் என்று 2009இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. பேசித் தேறுபவர்களும் இருக்கின்றனர், பேசாமல் தேறுபவர்களும் இருக்கின்றனர் என்பதையே இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் ஒருவர் காணாமற்போய்விட்டார். அவர் இறந்துவிட்டதாக ஏற்றுக்கொள்ளச் சொல்வீர்களா?

மாட்டோம். எந்த உளவளத்துணையாளருக்கும் அந்த உரிமை இல்லை.

உடல் கிடைக்காத, உறுதியான செய்தியும் இல்லாத இழப்பை அமெரிக்கக் குடும்பநல அறிஞர் போலின் பொஸ் 1970களிலிருந்தே தனியாக ஆராய்ந்து வந்தார். இத்தகைய இழப்பு உள்ளவர்களிடம் காணப்படும் உறைந்த நிலைக்குக் காரணம் அவர்களுடைய பலவீனம் அன்று, அவர்கள் வைக்கப்பட்டிருக்கும் சூழ்நிலையே என்பது அவருடைய முடிபு. இறந்தவருக்கு எட்டுச் செலவும் அந்தியேட்டியும் உண்டு. துக்கத்துக்கு ஊர் வந்து கூடும். ஆண்டுதோறும் திவசம் வரும். காணாமற்போனவருக்கோ எதுவும் இல்லை. மனைவி பொட்டு வைத்தாலும் ஊர் பேசும், வைக்காவிட்டாலும் பேசும். போரின் முடிவில் சரணடைந்தபோது படையினரிடம் கையால் ஒப்படைத்த மகன் எப்படி இல்லாமற்போவான் என்று கேட்கும் தாயிடம், ‘ஏற்றுக்கொள்’ என்று சொல்வது, உன் கையாலேயே அவனைக் கொன்றுவிடு என்று சொல்வதைப் போன்றது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரி முதல் வீதியோரத்தில் அமர்ந்து போராடிவரும் தாய்மாரில் பலர் விடை தெரியாமலேயே இறந்துபோயினர்.

இத்தகைய குடும்பங்களில் உளவளத்துணை செய்யக்கூடியது வேறு. இருக்கிறார் என்ற எண்ணமும் இல்லை என்ற எண்ணமும் ஒரே மனத்தில் இருப்பது பைத்தியம் அன்று என்று தெளிவுபடுத்துவது ஒன்று. ஒரே வீட்டில் தாய் ‘வருவான்’ என்பார், தம்பி ‘இனி வரமாட்டார்’ என்பார், மனைவி எதுவும் சொல்லமாட்டார். இவர்களில் ஒருவர் மற்றவரைத் துரோகி என எண்ணாமல், மூவரும் ஒரே மேசையில் உண்ண வழி செய்வது இன்னொன்று. தேடுவதை நிறுத்தாமலேயே வாழ்வின் ஏனைய பகுதிகளை மெல்ல மீட்பது, அதாவது மகளின் சாமத்தியச் சடங்கைச் செய்யலாமா, வீட்டைத் திருத்தலாமா, நல்ல உடுப்பு உடுக்கலாமா என்ற கேள்விகளைக் குற்ற உணர்வின்றிப் பேசுவது மற்றொன்று.

சட்ட விடயங்களும் மனத்தைத் தொடுபவையே. இலங்கையில் 2016இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், மரணச் சான்றிதழ் பெறாமலேயே, ஒருவர் காணாமற்போனவர் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற வழிசெய்தது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. எந்தச் சான்றிதழையும் பெறுவதும் மறுப்பதும் அந்தக் குடும்பத்தின் முடிவாகவே இருக்க வேண்டும். பல தாய்மார் இவற்றை நம்பாமலிருப்பதற்கு அவர்களுடைய அனுபவமே காரணம். அந்த அவநம்பிக்கையை நோய்க்குறியாக எழுதிவைப்பது பெரும் அநீதியாகும்.

கொக்குத்தொடுவாயில் 2023இலும், செம்மணியில் 2025இலும் மனித எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டபோது, ஒவ்வொரு செய்தியும் இக்குடும்பங்களைப் பழைய நாளுக்கே இழுத்துச் சென்றது. செம்மணியில் கிடைத்த உடைகளையும் பொருட்களையும் அடையாளம் காண மக்கள் அழைக்கப்பட்டார்கள். இவ்வாறான நாள்களில் தாயைத் தனியாக அனுப்பாதீர்கள். உடன் ஒருவர் செல்ல வேண்டும், திரும்பிய பின்னரும் அன்றிரவு வீட்டில் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

போருக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு எதுவும் தெரியாது. அதை அப்படியே விட்டுவிடலாமா?

பிள்ளைக்கு எதுவும் தெரியாது என்பது பெரும்பாலும் பெரியவர்களின் ஆறுதலே. அம்மா ஏன் திடீரென்று கத்துகிறார், அப்பா ஏன் இரவில் முற்றத்தில் நடக்கிறார், அலுமாரியில் உள்ள அந்தப் படத்தைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்பதைப் பிள்ளை கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. காரணம் சொல்லப்படாதபோது, தானே காரணம் என்று எண்ணிக்கொள்வது சிறு பிள்ளைகளின் இயல்பு.

உண்மையை வயதுக்கேற்ற அளவில் சொல்லலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு, ‘உன் பெரிய மாமா சண்டை நடந்த காலத்தில் செத்துப்போனார், அதனால்தான் அம்மாவுக்கு இந்த மாதம் கவலை, உன்னால் இல்லை’ என்பது போதும். பதினைந்து வயதுப் பிள்ளை கேட்டால் கூடுதலாகச் சொல்லலாம். குருதியையும் சதையையும் விவரிக்க வேண்டியதில்லை. எப்படித் தப்பினோம், யார் ஒரு போத்தல் தண்ணீர் தந்தார்கள், யார் கையைப் பிடித்துக்கொண்டு கடல்நீரேரியைக் கடந்தோம் என்பவையும் அந்தக் கதையில் இடம்பெற வேண்டும். அழிவை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு அச்சம் மட்டுமே மிஞ்சும்.

நிறுத்திய பிறகு மீண்டும் படுக்கையில் சிறுநீர் கழித்தல், தாயை விட்டு அகலாமை, அடிக்கடி வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுத்தல், பதின்ம வயதில் கட்டுக்கடங்காச் சினம், தன்னைத் தானே வெட்டிக்கொள்ளுதல் ஆகியவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடமோ வைத்தியசாலையிலோ காட்ட வேண்டும். மனவடுவுற்ற பிள்ளைகளுக்கு மிகுதியான ஆய்வு ஆதரவு பெற்ற சிகிச்சை, பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள் வரை நடத்தப்படும் சிந்தனை நடத்தைச் சிகிச்சையாகும். பிள்ளையை அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோர் அதன் பாதிப் பயனை இழந்துவிடுகின்றனர்.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். போரில் பட்ட துன்பமே காரணம் என்கிறார்கள். இருவரும் சேர்ந்து உளவளத்துணைக்குப் போகலாமா?

அடி தொடரும் வரை வேண்டாம். இருவரையும் ஒன்றாக அமர்த்தினால், மனைவி உண்மையைச் சொன்னதற்கான தண்டனையை வீட்டில் அனுபவிக்க நேரிடலாம். அஞ்சிப் பேசாதிருந்தால் உளவளத்துணைக்குப் பொருளே இல்லை. தனித்தனியாகச் சந்திப்பதே முறை, முதலில் மனைவியினதும் பிள்ளைகளினதும் பாதுகாப்பு. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 முதல் இலங்கையில் உள்ளது; அதன்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கான இலக்கம் 1929.

கணவரின் துன்பமும் உண்மையானதே. சித்திரவதையையும் கண்முன் நடந்த சாவுகளையும் சுமப்பவர்கள், உறக்கத்துக்காகக் கசிப்பைத் தொடங்கி, பிறகு அது இல்லாமல் இருக்க முடியாத நிலையை அடைகின்றனர். அதற்குச் சிகிச்சை உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும் என்பதால் மருத்துவ மேற்பார்வையும் வேண்டும். ஆனால் துன்பம் காரணமாகலாமே தவிர அனுமதியாகாது. அவரைப் போலவே எல்லாம் இழந்தும் மனைவியை அடிக்காதவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர்.

மருந்து எடுத்தால் அதற்கு அடிமையாகிவிடுவோமா?

மனச்சோர்வுக்கும் மனவடு நோய்க்கும் கொடுக்கப்படும் மனச்சோர்வு நீக்கி மருந்துகள் அத்தகையவை அல்ல. அவை பயன்தரச் சில வாரங்கள் ஆகும், நிறுத்தும்போதும் மருத்துவரின் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பழக்கமாகிவிடும் ஆபத்து உள்ளவை உறக்கத்துக்காகக் கொடுக்கப்படும் சில குளிசைகளே. கொடிய நிகழ்வு நடந்து முதல் மாதத்துக்குள் மன நெருக்கீட்டைத் தணிக்க அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் அறிவுறுத்தியது. அயலவருக்குத் தந்த உறக்கக் குளிசையை வாங்கி விழுங்கும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள்.

கோயிலும் சடங்கும் இருக்க உளவளத்துணை எதற்கு?

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஆடி அமாவாசையில் தந்தைக்காகவும் சித்திரா பௌர்ணமியில் தாய்க்காகவும் கீரிமலையில் நீராடிப் பிதிர்க்கடன் கழிப்பதும், நவம்பர் 2இல் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவதும், செத்தவீட்டில் ஒப்பாரி சொல்லி அழுவதும் தலைமுறைகளாக இந்த மண்ணில் துயரத்தை ஆற்றிவந்த வழிகள். முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை அடக்கம் செய்யவும் இயலாமல் விட்டுவந்தவர்களுக்கு, அந்தக் கடமை முடியவில்லையே என்பதே தீராத வேதனையாக இருக்கிறது. ஆண்டுகள் கழித்தேனும் அந்தியேட்டியைச் செய்து முடித்த பிறகு உறங்கத் தொடங்கியவர்கள் உண்டு. போரின் இறுதி நாள்களை நினைந்து மே மாதத்தில் கஞ்சி காய்ச்சிப் பகிர்வதும், ஊரோடு சேர்ந்து விளக்கேற்றுவதும் அத்தகைய பயனுடையவையே. அவற்றைத் தடுப்பது, நினைவுகூரும் உரிமையைப் பறிப்பதோடு, ஆற்றுப்படும் வழியையும் அடைப்பதாகும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும் தம் ஊரையும் பள்ளிவாசலையும் அடக்கத்தலங்களையும் நினைவுகூரும் உரிமை அவ்வாறே உண்டு.

சடங்கும் வழிபாடும் போதுமானவர்களுக்கு அவையே போதும். அவற்றைச் செய்தும் உறக்கம் வராதவர்கள், செய்யவே மனம் எழாதவர்கள், ‘கடவுள் ஏன் என்னை மட்டும் விட்டுவைத்தார்’ என்று கேட்டுத் தம்மைத் தாமே வருத்திக்கொள்பவர்கள் உளவளத்துணையையும் நாடலாம். பேய், செய்வினை என்று அழைத்துச் சென்று அடிக்கும் இடங்களுக்கு மட்டும் எவரையும் கொண்டுபோகாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். தொரன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்பவர்கள் போரின் இறுதி மாதங்களைத் தொலைபேசியிலும் செய்தியிலும் கண்டவர்கள். பேச்சின் நடுவில் அறுந்த அழைப்பும், ஒன்றும் செய்ய இயலாத கையறு நிலையும், ‘நான் மட்டும் தப்பிவிட்டேன்’ என்ற குற்ற உணர்வும் அவர்களிடம் உள்ளன. அங்குச் சிகிச்சைக்குச் செல்பவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். உங்கள் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம்: தாய்க்கு நேர்ந்ததைப் பத்து வயதுப் பிள்ளை தன் வாயால் ஆங்கிலத்தில் சொல்ல நேர்வது அந்தப் பிள்ளைக்குப் புதியதொரு மனவடுவாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் உங்களுக்குத் தெரிந்தவராகவோ, நீங்கள் அஞ்சும் தரப்பினராகவோ இருந்தால் வேறொருவரைக் கேட்பதிலும் தவறில்லை.

நாங்கள் சொல்வது வெளியே போகுமா?

சிறிய ஊரில் இது நியாயமான அச்சம். முன்னாள் போராளிகளாய் அரசின் தடுப்பு முகாம்களில் புனர்வாழ்வு பெற்று வந்தவர்களுக்கு இன்னும் கூடிய அச்சம். எது குறித்துவைக்கப்படும், யார் பார்க்கலாம் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்; விளக்கம் தராதவரிடம் மேலே பேச வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து, பிள்ளைகள் மீதான வன்கொடுமை ஆகியவற்றில் மட்டும் மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டியிருக்கும் என்பதை நல்ல உளவளத்துணையாளர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

உடனடியாக உதவி தேட வேண்டிய நிலை எது?

சாவதைப் பற்றிப் பேசுவது, பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைக்க ஏற்பாடு செய்வது, திடீரென்று எல்லோரிடமும் விடைபெறுவது போல நடப்பது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள். ‘சாக வேண்டும் என்று யோசிக்கிறீர்களா?’ என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது, பலருக்கு அக்கேள்வியே முதல் ஆறுதலாக அமையும். வீட்டில் உள்ள பூச்சிகொல்லியையும் மருந்துகளையும் அப்புறப்படுத்திவிட்டு, அவரைத் தனியே விடாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமன்று. ஆகவே பொலிசுக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தாமதிக்கத் தேவையில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

எங்கே போவது? முதல் நாள் என்ன சொல்வது?

அரச வைத்தியசாலைகளின் உளமருத்துவப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் இப்பிரிவுகள் நெடுங்காலமாக இயங்குகின்றன. ஏனைய மாவட்டங்களிலும் மாவட்ட வைத்தியசாலையில் விசாரிக்கலாம். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணைக்கான அலுவலர்கள் உள்ளனர். கடன், காணி, பிள்ளையின் பள்ளி என்று பல சிக்கல்கள் ஒன்றாக இருப்பவர்களுக்கு அங்கே தொடங்குவது எளிது, ஏனெனில் மற்ற அலுவலகங்களும் அங்கேயே இருக்கின்றன.

கணவரோ மகனோ வர மறுத்தால் மன்றாட வேண்டாம். நீங்கள் முதலில் போங்கள். வீட்டில் ஒருவர் ஆறுதலடைந்தாலே மற்றவர்களின் நடத்தையில் மாற்றம் வரும். ஆண்கள் பெரும்பாலும் ‘மனநலம்’ என்றால் வரமாட்டார்கள், ‘நித்திரை இல்லை’ என்ற காரணத்துக்கு வருவார்கள். அந்தக் காரணமே போதும்.

எத்தனை தடவை வர வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு நான்கைந்து சந்திப்புகளில் பாரம் குறையும். நீண்ட சித்திரவதைக்கு உட்பட்டவர்களுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மூன்று நான்கு சந்திப்புகளுக்குப் பிறகும் அந்த உளவளத்துணையாளர் மீது நம்பிக்கை வரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்பது உங்கள் உரிமை.

முதல் நாளுக்கென்று எதையும் ஆயத்தப்படுத்த வேண்டியதில்லை. ‘இரவில் நித்திரை இல்லை’, ‘பிள்ளையை அடிக்கக் கை போகிறது’, ‘ஏன் வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை’ என்ற ஒரு வாக்கியம் போதுமானது. எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகளின் சீட்டும், கிளினிக் கொப்பியும் இருந்தால் கொண்டுசெல்லுங்கள். பேசுவதற்குத் துணை வேண்டுமானால் நீங்கள் நம்பும் ஒருவரையும் அழைத்துச் செல்லலாம்.